நரம்பில்லாத குடல்

முப்பது வயதைத் தாண்டியும் பேதி மாத்திரையோ எனிமாவோ இல்லாமல் மலம் கழிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். “சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்” என்று வீட்டாரும் பழகிப்போகிறார்கள். இவர்களில் மிகச் சிலருக்குக் காரணம் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்ற பிறவிக் கோளாறு.

கருவில் குடல் உருவாகும்போது, அதை இயக்கும் நரம்புச் செல்கள் மேலிருந்து கீழாக நகர்ந்து வந்து மலக்குடலின் கடைசிவரை பரவ வேண்டும். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அவை வழியிலேயே நின்றுவிடுகின்றன. செல்கள் எட்டாத பகுதி தளரவே தளராது. அதைத் தாண்டி மலத்தைத் தள்ளப் போராடிப் போராடி, மேலே உள்ள நல்ல குடல் வீங்கிப் பருக்கிறது. பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே நோய் தெரிந்துவிடும். நரம்பற்ற பகுதி சிறியதாக இருந்தால், கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள்கூட ஆகலாம்.

கோபன்ஹேகன் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886-ல் இந்நோயை விவரித்தார். கண்ணில் பட்டது வீங்கிய குடல் என்பதால் அதையே வெட்டினார்கள், நோய் திரும்பியது. பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் கீழ்ப்பகுதியில்தான் கோளாறு என்பதை உணர்ந்து, அதை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கும் முறையை அமெரிக்காவின் பாஸ்டனில் ஆர்வர் சுவென்சன் 1948-ல் வெளியிட்டார். வீங்கிய குடலையே குற்றம் சொன்னது அறுபது ஆண்டுத் தவறு.

பெரியவர்களுக்கு இதே அறுவை கடினமானது. பல ஆண்டு தேங்கலில் பருத்துத் தடித்த குடலை ஒடுங்கிய முனையோடு பொருத்துவது எளிதல்ல. அதனால் சிலருக்கு முதலில் வயிற்றில் திறப்பு வைத்து, மலம் பையில் இறங்கும்படி செய்து, குடல் சுருங்கும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு அறுவையின் நடுவே குடல் சுவரிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, உறையவைத்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே “இங்கே நரம்புச் செல் இருக்கிறது” என்ற பதில் வர வேண்டும். அதன் பிறகுதான் இணைப்பு. பெரியவர்களுக்குப் பல மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பது, பிரெஞ்சு மருத்துவர் டுஹமேல் 1956-ல் சொன்ன முறை: மலக்குடலை முன்னால் விட்டுவிட்டு, நல்ல குடலைப் பின்பக்கமாக இறக்கி, இரண்டையும் (இன்று ஸ்டேப்ளரால்) ஒன்றாக்குவது. இதில் சிறுநீர்ப்பைக்கும் பாலுறுப்புக்கும் செல்லும் நரம்புகள் அதிகம் சீண்டப்படுவதில்லை. இணைப்பில் கசிவு, தொற்று போன்ற ஆபத்துகள் இருந்தாலும், எனிமாவை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இது மறுவாழ்வு.

மலச்சிக்கல் உள்ள பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது, பயம் வேண்டாம். ஆனால் பிறந்த நாளிலிருந்தே சிக்கல், வயிறும் உப்பியே இருக்கிறது என்றால், அடுத்த மாத்திரையை வாங்குமுன் குடல் மருத்துவரைப் பார்த்து, மலக்குடல் பயாப்சி (சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) தேவையா என்று கேளுங்கள்.