‘வந்து’ எங்கேயிருந்து வந்தது தெரியுமா?

நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று, பக்கத்தில் இருப்பவர் செல்போனில் பேசுவதைக் கேளுங்கள். “அதுங்க மாமா... வந்துங்க... நம்ம பாப்பாவுக்குங்க... ஒரு எடம் வந்திருக்குங்க.” இதில் ‘வந்து’ இரண்டு முறை வருகிறதே, கவனித்தீர்களா? பின்னால் வருவது உண்மையாகவே வந்த வரனைச் சொல்கிறது. முன்னால் நிற்கும் ‘வந்து’ எங்கிருந்தும் வரவில்லை! ‘வா’ என்ற வினையில் பிறந்து, வருகை என்ற பொருளை முழுசாக உதிர்த்துவிட்டு, “இருங்க, இன்னும் சொல்லி முடிக்கல” என்று காத்து நிற்கிற சொல் அது. “நான் வந்துங்க, நாளைக்கு வரலீங்க” என்று தினமும் சொல்கிறோம். வந்து, வரலீங்க! யாருக்காவது குழப்பம் வந்ததுண்டா?

இதில் கொங்குப் பேச்சுக்கு ஒரு தனிச் சிறப்பு. மற்ற ஊர்களில் தயங்குகிறவர் சும்மா தயங்குவார். சேலம், நாமக்கல், திருச்செங்கோட்டுக்காரர் தயங்கும்போதும் மரியாதையை விடமாட்டார். அதுங்க, வந்துங்க, அப்புறமுங்க... அடுத்த சொல் கிடைக்கும் வரை ஒவ்வொரு துண்டிலும் ஒரு ‘ங்க’. யோசிக்க அவகாசமும் ஆச்சு, எதிரே இருப்பவருக்கு மரியாதையும் ஆச்சு!

ஃபிரெஞ்சுக்காரர்கள் எப்படித் தயங்குவார்கள் தெரியுமா? உதட்டைக் குவித்துக்கொண்டே ‘எ’ என்று இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டதா? அதேதான்! ஆங்கிலேயர் வாய் ‘அ...ம்’ என்கிறது. ஸ்பானியர் ‘எஸ்தே’ என்பார், அதன் பொருள் ‘இந்த’. ஜப்பானியர் ‘அனோ’ என்பார், பொருள் ‘அந்த’. சீனர் சொல்லும் ‘நேகெ’க்கும் ‘அந்த’ என்றுதான் பொருள். நாம்? “அது... அந்த... இவரு...” கடலும் கண்டமும் தாண்டி, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகள், சொல் சிக்காதபோது ஒரே மாதிரி விரலை நீட்டிச் சுட்டுகின்றன! சொல் அங்கே இருக்கிறது, கைக்கு மட்டும் எட்டவில்லை என்பதுபோல. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் மொழியில் இல்லை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர்வெல் போட இந்தியா முழுக்கப் போகின்றனவே, அந்த வண்டிக்காரர்கள் காதில் விழும் சொற்களைப் பாருங்கள். ஆந்திராவில் ‘அண்டே’, கர்நாடகத்தில் ‘அந்தரே’. இரண்டுக்கும் ‘என்றால்’ என்று பொருள். நம்முடைய ‘என்னன்னா’, ‘பாத்தீங்கன்னா’ இரண்டிலும் வால் பிடித்து நிற்பது எது? அதே ‘என்றால்’! அக்கா தங்கைகள் மூவரும் தயங்குவதற்கும் ஒரே சரக்கைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

சரி, ஏன் தயங்குகிறோம்? 2009இல் பத்து மொழிகளில் கேள்வி-பதில் பேச்சுகளை அளந்து பார்த்தார்கள். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு! ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆகும். எனவே, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரிக்கிறோம். தயாராகாவிட்டால்? பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல ஒரு ‘அது வந்துங்க’! இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது: கேட்டதற்குப் பதில் தராதவர்கள், தருகிறவர்களைவிடத் தாமதமாகவே வாய் திறக்கிறார்கள். கைமாற்றுக் கேட்டுப் போனவருக்கு ஆய்வே வேண்டாம். எதிர்முனையில் “அது வந்துங்க...” என்று இழுத்ததுமே விடை தெரிந்துவிடும்.

கேட்கிறவருக்கு இந்த இழுவை உதவுகிறது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் பழகிய பொருள் ஒன்றும் பார்த்திராத பொருள் ஒன்றும் காட்டினார்கள். பேசுகிறவர் பெயர் சொல்லுமுன் தயங்கினால், குழந்தையின் கண் புதுப்பொருள் பக்கம் ஓடியது! 2011இல் வெளியான ஆய்வு இது. ‘இவர் தடுமாறுகிறார், அப்படியானால் புதுசு ஏதோ வரப்போகிறது’ என்று பாலகருக்கும் தெரிகிறது.

சைகை மொழியிலும் தயக்கம் உண்டு. அமெரிக்கச் சைகை மொழியில் அடுத்த சைகை வரும்வரை விரல்களை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். இயந்திரத்துக்கும் உண்டு! மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2018 மே மாதம் மேடையில் காட்டிய ‘கூகுள் டூப்ளெக்ஸ்’ என்ற பேசும் மென்பொருள், முடிதிருத்தகத்துக்குத் தானே போன் செய்து நேரம் கேட்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது எப்போது? அது ஆளைப்போல ‘ம்ம்’ கொட்டியபோது!

நம் இலக்கணக்காரர்கள் இதையெல்லாம் சும்மா விட்டிருப்பார்களா? தமக்கெனப் பொருள் தராமல் வரும் சொற்களுக்குத் தொல்காப்பியம் ‘அசைநிலை’ என்று பெயர் வைத்து இடையியலில் இடம் கொடுத்தது. ‘ஆங்க’ என்ற சொல்லை ‘உரையசை’ என்று தனியே எடுத்துச் சொன்னது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலும் அசைச்சொற்களுக்கு ஒரு பட்டியலே போட்டது. அதை இயற்றிய பவணந்தி முனிவரைத் தங்கள் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டார் கொண்டாடுகிறார்கள். அந்தப் பழைய அசைகளும் இன்றைய தயக்கமும் ஒன்றே என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பொருளில்லாச் சொல்லுக்கும் வாக்கியத்தில் வேலை உண்டு என்று அன்றே கண்டுகொண்ட காது அது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பிச்சியோ அம்மிச்சியோ அந்தக் காலத்துக் கதை சொல்லும்போது செல்போனில் பதிவு செய்யுங்கள். அனுப்புமுன் வெட்டி ஒட்டும் வேளையில் அந்த ‘வந்துங்க’க்களை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.