சுவரைத் தேடிப் போகும் அலமாரி

நான்கு மீட்டர் நீளச் சமையலறைச் சுவரைத் திரையில் 800 புள்ளி அகலத்துக்குள் வரைந்தால் ஒரு புள்ளிக்கு 5 மில்லிமீட்டர். மவுஸை எவ்வளவு நிதானமாக நகர்த்தினாலும் அலமாரி அதற்குக் குறைவாக நகராது. தச்சு வேலையில் 5 மி.மீ. என்பது பெரிய ஓட்டை. கதவுக்கும் கதவுக்கும் நடுவில் விடும் சந்தே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். ஆகவே, வீட்டு வடிவமைப்பு மென்பொருள் நாம் கைவிட்ட இடத்திலேயே அலமாரியை நிறுத்திவைத்தால் எந்த வரைபடமும் உருப்படாது. எங்கே வைக்க நினைத்தோம் என்று ஊகித்து, அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இந்த மென்பொருள்களின் கெட்டிக்காரத்தனம் முக்கால்வாசி இந்த ஊகத்தில்தான் இருக்கிறது. அவை தரும் தலைவலியும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஊகிக்கிற வித்தை பழசு. 1963-இல் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் கோடு போடலாம். பேனா நுனி ஏற்கெனவே இருக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தாலே போதும், கோட்டின் மேலேயே இருப்பதாக நிரல் எடுத்துக்கொள்ளும். 1986-இல் எரிக் பியர், மோரீன் ஸ்டோன் என்ற இருவர், கோடுகளும் புள்ளிகளும் சுட்டியை ஈர்க்கும் முறையை விரிவாக வகுத்துக் கட்டுரை எழுதினார்கள். இன்று வரைகலை மென்பொருள் எதைத் திறந்தாலும் கண்ணில் படும் ‘ஸ்நாப்’ பொத்தான் இந்த வம்சம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி வசதியானது. பிரான்சைச் சேர்ந்த எம்மானுவேல் புய்பாரே உருவாக்கிய இலவச மென்பொருள் இது. நிரலும் திறந்தே கிடக்கிறது. பட்டியலிலிருந்து ஓர் அலமாரியை இழுத்துச் சுவரோரம் விட்டால், அது தானாகத் திரும்பி முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏதோ மாயம்போல் தெரிந்தாலும் எல்லாம் பள்ளிக்கூட வடிவியல்தான். மென்பொருளுக்குச் சுவர் என்பது ஒரு நடுக்கோடும் தடிமனும். அலமாரி என்பது ஒரு மையப்புள்ளி, நீள அகல உயரங்கள், முகம் எந்தப் பக்கம் என்று சொல்லும் ஒரு கோணம். ஒன்பது அங்குலச் சுவர் 230 மி.மீ., அதில் பாதி 115. அலமாரியின் ஆழம் 560 என்றால் பாதி 280. இரண்டையும் கூட்டி, நடுக்கோட்டிலிருந்து 395 மி.மீ. தள்ளி மையப்புள்ளியை வைத்து, சுவரின் கோணத்தையே அலமாரிக்கும் கொடுத்துவிட்டால் முதுகு சுவரில் பொருந்திவிடும்.

கணக்கு சுலபம். எப்போது அதைப் போடுவது என்பதில்தான் சிக்கல். அலமாரி சுவரை எவ்வளவு நெருங்கினால் இழுத்துக்கொள்ளலாம்? அந்தத் தூரத்தை அதிகமாக வைத்தால், நடுவில் போட நினைத்த சாப்பாட்டு மேசையும் சுவருக்கு ஓடும். குறைத்தால் எதுவுமே ஒட்டாது. இதற்குச் சூத்திரம் கிடையாது. பழகிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியதுதான். அதனால்தான் இழுக்கும்போதே ஒரு விசையை அழுத்திப் பிடித்து ஈர்ப்பை அணைத்துவைக்கும் வழியையும் கொடுத்திருக்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய விசை அதுதான் என்பேன்.

அடுத்த குழப்பம் உயரத்தில். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் மேடைக்குக் கீழே இருக்கும் அலமாரியும், அதற்கு மேலே சுவரில் தொங்கும் அலமாரியும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் தெரியும். தரையிலிருந்து உயரம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாவிட்டால், மேல் அலமாரி கீழ் அலமாரியின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வரைபடத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும், முப்பரிமாணக் காட்சியில்தான் குட்டு வெளிப்படும். மேடை 850, நடுவில் 600 வெற்றிடம் என்று வைத்தால் மேல் அலமாரியின் அடிப்பாகம் 1,450 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். ‘ட’ வடிவ மேடையில் இரண்டு கற்பலகைகள் மூலையில் ஒரே உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், படத்தைச் சுழற்றும்போது அந்த இடம் மட்டும் கோடுகோடாய் மினுமினுக்கும். எந்தப் பரப்பு முன்னால் இருக்கிறது என்று வரைகலை அட்டையால் தீர்மானிக்க முடியாமல், புள்ளிக்குப் புள்ளி ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டுவதால் வரும் மினுமினுப்பு அது. ஒரு பலகையை மூலையோடு நிறுத்திவிட்டால் அடங்கிவிடும்.

உரசலைக் கண்டுபிடிப்பதிலும் இப்படி ஒரு தர்மசங்கடம் உண்டு. கணினியின் இரும எண்முறையில் 0.1 என்ற எண்ணை முழுசாக எழுத முடியாது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று பதில் வருவது நிரலாளர்களுக்குப் பழகிப்போன கேலி. சாய்ந்த சுவரில் சைன், கொசைன் பெருக்கல்களும் சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு அலமாரிகள், கணக்கின்படி நூலிழையின் ஒரு துளி அளவுக்கு ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கலாம். அதற்கெல்லாம் எச்சரிக்கை கொடுத்தால் வேலை நடக்காது. எனவே இவ்வளவு வரை மன்னிக்கலாம் என்று ஓர் அளவை நிரலிலேயே எழுதிவைக்கிறார்கள்.

ஆனால் பெட்டிக்குப் பெட்டி உரசுகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. மூலையில் இரண்டு பக்க இழுப்பறைகளும் கைப்பிடியோடு முட்டிக்கொள்ளும்; மூடியிருக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். 450 மி.மீ. கதவு திறக்கும்போது தரையில் கால்வட்டம் போடுகிறது. அந்தக் கால்வட்டத்துக்குள் ஃப்ரிட்ஜ் இருக்கக் கூடாது. இதையும் சோதிக்கும் மென்பொருள் இருந்தால் அதற்குக் கொஞ்சம் காசு கொடுக்கலாம்.

அலமாரிகளை எல்லாம் தானே அடுக்கித்தரும் நிரல்களும் வந்துவிட்டன. 2011-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பால் மெரல் குழு, உள்ளரங்க வடிவமைப்பாளர்களின் விதிகளை மதிப்பெண் கணக்காக மாற்றி, அதிக மதிப்பெண் பெறும் அடுக்குமுறைகளைத் தேடிக் காட்டியது. நடக்க வழி, பேச முகம் பார்க்கும் தூரம் எல்லாம் அதில் உண்டு. அடுப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று மாமியார் சொன்னால், அந்த விதியையும் நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு திரையில் சரியாக நின்ற அலமாரி வீட்டில் நுழைய மறுக்கும். முதல் காரணம் பூச்சு. பொறியாளரின் வரைபடத்தில் பெரும்பாலும் வெறும் செங்கல் சுவரின் அளவுதான் இருக்கும். பக்கத்துக்கு 12 மி.மீ. பூச்சு என்றாலே எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் 24 மி.மீ. காணாமல் போகும், ஓடு ஒட்டினால் இன்னும். இரண்டாவது காரணம், மென்பொருளில் மூலை என்றால் 90 பாகை. கொத்தனார் மூன்று-நான்கு-ஐந்து கணக்கில் கயிறு பிடித்து மூலை எடுத்திருந்தாலும், பூசி முடித்த பிறகு ஒரு பாகை விலகினால் 600 மி.மீ. ஆழத்தில் பத்து மில்லிமீட்டருக்கு மேல் சந்து விழும். சுவர் தூக்குக்குண்டுக்கும் நிற்காமல் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவாகவும் இருக்கும்.

ஆகவே பூச்சு வேலை முடிந்த பிறகே டேப் பிடிக்க வேண்டும். தரையோரம், மேடை உயரம், மேல் அலமாரி உயரம் என மூன்று இடத்தில் அளந்து, அதில் சிறியதை மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். சுவரை ஒட்டிய கடைசி அலமாரிக்குப் பக்கத்தில் 25 முதல் 50 மி.மீ. அகலத்தில், இடைவெளியை அடைக்கும் ஒரு ஃபில்லர் பலகையை வரைபடத்திலேயே வேண்டுமென்றே போட்டுவிட வேண்டும். மென்பொருள் அலமாரியைச் சுவரோடு இழுக்கப் பார்க்கும். அங்கேதான் ஈர்ப்பை அணைக்கும் விசை வேண்டும். அந்தப் பலகையைத் தச்சர் கடைசியாகச் சுவரில் வைத்து, சுவரின் வளைவைப் பென்சிலால் கோடிழுத்து எடுத்துக்கொண்டு, அதன்படி இழைத்துப் பொருத்துவார்.