பாறைக்குள்ள தண்ணி ஓடுமா? அணுக்கழிவைப் புதைக்கும் முன் நடக்கும் சோதனை இதுதான்!

கள்ளக்குறிச்சி பக்கம் போர் போட்டவங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஒரு இடத்துல பல நூறு அடி இறங்கியும் வெறும் புழுதிதான் பறக்கும். கொஞ்சம் தள்ளிப் போட்டா தண்ணி பீறிட்டு வரும். ரெண்டு இடத்துலயும் பாறை ஒண்ணுதான். வித்தியாசம், விரிசல்.

அணுக்கழிவைப் புதைக்க இடம் தேடும் விஞ்ஞானிகளுக்கும் இதே விரிசல்தான் கவலை. விவசாயி தண்ணி வர்ற பாறையைத் தேடுகிறார். இவர்கள் தண்ணியே நுழையாத பாறையைத் தேடுகிறார்கள். கல்வராயன் மலையில் திட்டம் ஏதோ வருகிறது என்று பதற வேண்டாம், இது அந்தச் செய்தி அல்ல. பாறையைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் மலை ஒரு நல்ல உதாரணம், அவ்வளவுதான்.

தண்ணீர் ஏன் முக்கியம்?

அணு உலையில் பயன்படுத்திய எரிபொருளில் புளூட்டோனியம்-239 இருக்கிறது. அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். பல நூறு மீட்டர் ஆழத்தில் புதைத்த கழிவைக் கரைத்து, மறுபடியும் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் கொண்டுவரக்கூடிய முக்கிய வழி நிலத்தடி நீர்தான்.

எல்லா பாறையும் ஒன்றா?

இல்லை. கல்வராயன் மலையில் இருப்பது சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. கல்லுக்குள் தண்ணீர் அவ்வளவாக ஊறாது. விரிசல் வழியாகத்தான் இறங்கும்.

எரிமலைப் பாறை வேறு மாதிரி. குழம்பு குளிரும்போது சுருங்கி வெடிப்பு விடும். வாயு வெளியேறிய இடத்தில் ஓட்டைகள் இருக்கும். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறையில் நுண்துளைகளும் உண்டு.

எப்படி அளக்கிறார்கள்?

துளையிட்டு எடுத்த உருளைக் கல்லை ஆய்வகத்தில் சோதிப்பது முதல் வேலை. ஆனால் அந்தச் சின்னத் துண்டில் பெரிய விரிசல் சிக்காது. அதனால் துளைக்குள்ளேயே மேலும் கீழும் ரப்பர் அடைப்பான் வைத்து, நடுவில் தண்ணீரை அழுத்திச் செலுத்துவார்கள்.

அணை கட்டும் இடங்களில் இதற்கு லூஜியான் சோதனை என்று பெயர். 1933-ல் சுவிஸ் நிலவியலாளர் மாரிஸ் லூஜியான் கொண்டுவந்தது. 10 பார் அழுத்தத்தில், அதாவது கார் டயர் காற்றைப் போல நாலரை மடங்கு அழுத்தத்தில், ஒரு மீட்டர் நீளத் துளை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் குடித்தால் அது ஒரு லூஜியான். அணுக்கழிவுக்கு அதுவே ரொம்ப அதிகம். அதனால் இறுக்கமான பாறையில் அழுத்தத்தை ஏற்றி மூடிவிட்டு, அது எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று காத்திருந்து பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

நெவாடாவின் யுக்கா மலை, எரிமலைச் சாம்பல் பாறையால் ஆனது. 1987-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஒரு இடத்தை மட்டும் ஆய்வுக்குத் தேர்வு செய்தது. 1990-களில் சுரங்க மாதிரிகள் சிலவற்றில் குளோரின்-36 அதிகமாக இருந்தது. 1950-களின் பசிபிக் அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கலந்த பொருள் அது. அப்படியென்றால் மழைநீர் சுமார் 300 மீட்டர் ஆழத்தை 50 ஆண்டுக்குள் எட்டிவிட்டதா? பிறகு நடந்த ஆய்வில் அதே முடிவு கிடைக்காததால் சர்ச்சை நீடித்தது. நெவாடா மாநிலத்தின் எதிர்ப்பும் ஓயவில்லை. கடைசியில் திட்டத்துக்கான நிதியே நின்றுபோனது.

இந்தியாவில்?

தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்க வயலில், 1980-களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை நடத்தியது. சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஹீட்டர் வைத்து, கழிவின் சூட்டைப் பாறை எப்படித் தாங்கும் என்று பார்த்தார்கள். சூடு ஏறினால் விரிசல் மாறும். விரிசல் மாறினால் தண்ணீர் போகும் பாதையும் மாறும்.

2012-ல் கோலாரில் கழிவைப் புதைக்கப் போவதாகப் பேச்சு கிளம்பியதும் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அப்படித் திட்டம் இல்லை என்று மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. ஆனால் 2013-ல் கூடங்குளம் வழக்கின் தீர்ப்பில், ஆழ்நிலக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நாளைக்கு எந்த ஊர் பெயர் அடிபட்டாலும், "பாறை ரொம்ப உறுதியானது" என்ற பதில் மட்டும் போதாது. எத்தனை துளை போட்டீங்க, எந்த ஆழத்துல, எவ்வளவு தண்ணி நுழைஞ்சுது? அந்தக் கணக்கைக் கேட்கலாம். போர் போட்டு ஏமாந்த எந்த விவசாயிக்கும் இந்தக் கேள்வி புதுசு இல்லை.