நாமும் முதலாளிகள்தான்!

தொழிலாளர் பிரச்னை, கூலி உயர்வு என்றாலே நமக்கு மில் வாசலும் சிவப்புக் கொடியும்தான் ஞாபகத்துக்கு வரும். "அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கவும் பெருக்கித் துடைக்கவும் ஒரு பெண் வருகிறாரா? மாதம் பிறந்ததும் அவர் கையில் சம்பளத்தை எண்ணிக் கொடுப்பது நீங்கள்தானே? அப்படியானால் நீங்களும் ஒரு முதலாளிதான். உங்கள் தொழிற்சாலைக்குப் புகைபோக்கி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் அட்டவணையில் எந்தத் தொழிலின் பெயர் இருந்ததோ அதற்குத்தான் அரசாங்கம் கூலி நிர்ணயம் செய்தது. அரிசி ஆலை இருந்தது, பீடித் தொழில் இருந்தது, தோட்ட வேலை இருந்தது. வீட்டு வேலை இல்லை! 1959ல் வீட்டுப் பணியாளர்களுக்காகப் பாராளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறாமலே போய்விட்டது. வீடு என்றால் அது குடும்பம், அங்கே என்ன சட்டம் வேண்டிக் கிடக்கிறது என்ற எண்ணம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று வாய் நிறையச் சொல்லுவோம். வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளம் பேசுவது கிடையாதே!

1980ல் புனே நகரத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைக்கு எத்தனை வீடுகளில் பத்துப் பாத்திரம் குவிந்து கிடந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். பிறகு 2004ல் கர்நாடகம் இவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. தமிழ்நாட்டில் 2007ல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. 2018ல் கூலியும் நிர்ணயமாயிற்று. மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை.

இந்தக் கணக்கை என் சிநேகிதி ஒருத்தியிடம் சொன்னேன். அவள் வீட்டில் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் வேலை. மாதம் 45 மணி. சம்பளம் 2,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 44 ரூபாய் வருகிறது. "பார்த்தியா, நான் சட்டத்துக்கு மேலயே குடுக்கறேன்!" என்று அவளுக்கு ஒரே பெருமை.

"சரி, ஒரு மாசம் அவங்க வர்ற நேரம், போற நேரம் ரெண்டையும் காலண்டர்ல குறிச்சு வை" என்றேன். அந்த மாதம் நாத்தனார் குடும்பம் வந்து தங்கியது, ஒரு திவசம் வந்தது, பரண் சாமான்களை இறக்கித் துடைத்தார்கள். கூட்டிப் பார்த்தால் 58 மணி. 2,000ஐ 58ஆல் வகுத்தால் 34 ரூபாய் சொச்சம்தான். அதுவும் அந்த 37 ரூபாய் 2018 விலைவாசிக்குப் போட்ட கணக்கு! சிநேகிதி ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் 500 ரூபாய் சேர்த்துக் கொடுத்தாள் என்று கேள்வி.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த அம்மாள் இப்படி நாலு வீடு செய்கிறார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடக்கிற நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. நம் வீட்டுக்காரர்களின் சம்பளச் சீட்டைப் பார்த்தால் பி.எஃப். இருக்கும், லீவு இருக்கும், வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட் இருக்கும். இவருக்கு அந்த 2,000 ரூபாய்தான் எல்லாமே. காய்ச்சலில் படுத்தால் அதிலும் பிடித்தம்! மீந்த குழம்பையும் பழைய புடவையையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரியமாகக் கொடுத்தால் கொடுங்கள். அது சம்பளம் ஆகாது.

"நீங்க ஒரு பக்கமாவே பேசறீங்க" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறவர்களும் உண்டுதான். சொல்லாமல் மட்டம் போட்டால், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரத்தோடு மல்லுக்கட்டுகிற கஷ்டம் எனக்கும் தெரியும். நம் கைக்கு வருகிற பணமும் அளவானதுதான். ஆனால் ஒன்று, சொல்லிவிட்டு எடுக்க லீவே இல்லாதபோது சொல்லாமல்தானே எடுக்க வேண்டியிருக்கிறது? எங்கள் வீட்டில் மாதம் நாலு நாள் சம்பளத்தோடு லீவு என்று பேசிவைத்திருக்கிறோம். "அக்கா, நாளான்னிக்கு ரேஷன் கடைக்குப் போவணும், இதை ஒரு லீவா வெச்சுக்கோங்க" என்று முன்கூட்டியே தகவல் வந்துவிடுகிறது. முன்பணத்தையும் மாதாமாதம் கொஞ்சமாகக் கழிப்பது என்று பேசி, இருவரும் பார்க்கிற மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைத்தால் தகராறே வராது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், தை பிறந்தால் சம்பள உயர்வு. அவராக வாய் விட்டுக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி.

தென் அமெரிக்காவில் உருகுவே என்று ஒரு சின்ன நாடு. அங்கே 2006ல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே சட்டம் போட்டார்கள். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 44 மணி வேலை; வாரம் ஒருமுறை சேர்ந்தாற்போல் 36 மணி நேரம் ஓய்வு. கூலி பேசத் தொழிலாளர் பக்கம் சங்கம் இருக்கிறது, முதலாளி பக்கம் யார் உட்காருவது? நம்மைப் போன்ற இல்லத்தரசிகளின் சங்கம்தான் முன்வந்து உட்கார்ந்தது! 2008ல் இரு தரப்பும் அரசாங்கமும் கையெழுத்திட்டு ஒப்பந்தம் ஆயிற்று. இந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து நம் ஊர் மாதர் சங்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை. சமையல் போட்டி, கோலப் போட்டிக்கு நடுவே இதையும் ஒரு நாள் பேசலாமே!

2011 ஜூன் 16ல் ஜெனிவாவில் வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் நிறைவேறியபோது இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது. ஆனால் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், இவர்களுக்குத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள 'ஊரிலிருந்து ஒரு சின்னப் பொண்ணு' தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே குற்றம்.

இளம் தாய்மார்களிடம் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. ஆபீஸ் போகும் பெண்களுக்கு 2017லிருந்து 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் சட்டம் வந்து நிற்கிறது. நம் வீட்டில் வேலை செய்வது ஒரே ஒருத்தர். அவர் பிரசவத்துக்குப் போனால், திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறு ஆள் இருக்கும். நல வாரியத்தில் பதிந்திருந்தால் பிரசவ உதவித்தொகை உண்டு. பிள்ளைகள் படிப்புக்கும், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியத்துக்கும் வழி உண்டு. 18 வயது முடிந்து 60க்குள் இருப்பவர்கள் பதியலாம். தொழிலாளர் நல அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். 'இன்னார் எங்கள் வீட்டில் வேலை செய்கிறார்' என்று எழுதித் தரச் சொன்னால் பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள். அதனால் நம் சொத்து ஒன்றும் போய்விடாது.

எங்கள் பில்டிங்கில் மூன்று வீடு செய்கிற பெண்ணுக்குச் சென்ற வருஷம் பிரசவம். ஏழாம் மாதம்வரை வந்தார். குனிந்து துடைக்க வேண்டாம் என்று மாப் வாங்கிப் போட்டோம். பிறகு மூன்று வீட்டாரும் உட்கார்ந்து பேசினோம். மூன்று மாதம் பாதிச் சம்பளம் அவருக்கு. அதுவரை அவருடைய நாத்தனார் வேலைக்கு வருவார், அவருக்கு முழுச் சம்பளம். ஆக மூன்று மாதமும் வீட்டுக்கு ஒன்றரைச் சம்பளம். நான் பால் கணக்கிலும் ஓட்டல் கணக்கிலும் இழுத்துப் பிடித்தேன். எதிர்வீட்டுப் பெண் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தாள். மாடி வீட்டு மாமி முதலில் முகத்தைச் சுளித்தார். ஆனால் நாலாம் மாதம் அவர் வேலைக்குத் திரும்பியபோது, குழந்தைக்குத் தூளி கட்டத் தன் பழைய ஒன்பது கஜத்தைத் தேடி எடுத்தவரும் அதே மாமிதான். இப்போது பதினோரு மணிவரை குழந்தை அங்கேதான் தூங்குகிறது. அழுதால் மாமிதான் முதலில் ஓடுகிறார். அந்த ஒன்றரைச் சம்பளக் கணக்கை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ஞாபகப்படுத்திவிடுவார்!