மடக்கு நாற்காலி வாங்கப் போகிறீர்களா?

மடக்கு நாற்காலி மடங்க வேண்டும். ஆனால், ஆள் உட்கார்ந்திருக்கும்போது மடங்கக் கூடாது!

வேடிக்கைக்குச் சொன்னது அல்ல. நல்ல நாற்காலிக்கும் மோசமான நாற்காலிக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

கடற்கரைக்குப் போகும் குடும்பம், குலதெய்வம் கோவிலுக்குக் காரில் புறப்படும் குடும்பம், மொட்டை மாடியில் காற்று வாங்குகிறவர்கள் என்று பலரும் இப்போது இந்த நாற்காலியைத் தேடி வாங்குகிறார்கள். குடை போல மடக்கிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். விரித்தால் கை வைக்கவும் இடம் உண்டு. தம்ளர் வைக்கவும் இடம் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் அழகைப் பார்த்து வாங்கினால், ஒரே வருஷத்தில் பரணுக்குப் போய்விடும்.

ராஜாவின் மடக்குக் கட்டில்

இது நேற்று வந்த சாமான் அல்ல. எகிப்து நாட்டில் 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மடக்கு ஆசனங்கள் இருந்தன. துட்டங்காமன் என்ற இளம் ராஜாவின் கல்லறையை 1922ஆம் ஆண்டில் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்தார். உள்ளே தங்கமும் மணியும் குவிந்து கிடந்தன. அவற்றோடு மூன்றாக மடிக்கும் ஒரு கட்டிலும் இருந்தது! ராஜாவானாலும் பயணம் போனால் மூட்டை கட்டித்தானே ஆக வேண்டும்?

நமது நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. வடக்கே, இப்போது உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கும் ரூர்க்கி நகரம், வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவப் பொறியாளர் படையின் தலைமையிடம். அந்த ஊரின் பெயரால் ‘ரூர்க்கி நாற்காலி’ என்று ஒன்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகழ் பெற்றது. அதில் ஆணி இல்லை. பசை இல்லை. கால்களில் துளை, குறுக்குக் கட்டைகளின் நுனி கூராகச் சீவப்பட்டிருக்கும். துளையில் செருகி, கித்தான் துணியையும் வாரையும் இழுத்துக் கட்டினால் நாற்காலி தயார். அவிழ்த்தால் ஒரு கட்டு விறகு!

இதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. பூட்டு கொஞ்சம் அசைந்து கொடுப்பதால், மேடு பள்ளமான தரையிலும் நான்கு கால்களும் பதிந்து நிற்கும். டென்மார்க்கின் புகழ் பெற்ற நாற்காலி நிபுணர் காரே கிளின்ட், 1933இல் இதே மாதிரியை வைத்து ஒரு நாற்காலி செய்தார். அது உலகம் முழுவதும் பேர் வாங்கியது. ரூர்க்கியின் பெயரைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்.

துணிதான் தாங்குகிறது

கால்கள்தான் ஆளைத் தாங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. கத்தரிக்கோல் போலக் குறுக்கே பின்னிய கால்கள், ஆள் உட்கார்ந்ததும் அகலமாக விரிந்து படுத்துவிடப் பார்க்கும். அப்படி விரியாமல் மேலே இழுத்துப் பிடித்திருப்பது துணி. துணி கிழிந்தால் உட்காரும் இடம் மட்டும் போவதில்லை. நாற்காலியே தரையோடு தரையாகிவிடும்.

ஆகவே, முதலில் துணியைப் பாருங்கள். அட்டையில் ‘600 டி’ என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். ‘டி’ என்றால் டெனியர். நூலின் பருமனைச் சொல்லும் கணக்கு அது. 9,000 மீட்டர் நூலை நிறுத்தால் 600 கிராம் இருந்தால், அது 600 டெனியர். 300 டெனியர் என்றால் அதில் பாதிக் கனம். எண் பெரிதாக இருந்தால் நூல் தடிமன் என்று அர்த்தம். ஆனால் தடிமனான நூலை இடைவெளி விட்டு நெய்தால் பயன் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நெசவின் நெருக்கம் தெரிந்துவிடும்.

அடுத்தது தையல். துணி கிழிவதைவிடத் தையல் விடுவதுதான் அதிகம். நான்கு மூலைகளையும் திருப்பிப் பாருங்கள். ஒற்றைத் தையலா, இரட்டைத் தையலா? மூலையில் இன்னொரு துண்டுத் துணி வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்திருக்கிறார்களா? தைத்திருந்தால் நம்பலாம். நூல் பிசிறு தொங்கினால், பேசாமல் அடுத்த நாற்காலியைப் பாருங்கள்.

இரும்பா, அலுமினியமா?

ஒரே அளவு கட்டியாக எடுத்து நிறுத்தால், இரும்பு அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. பஸ்சில் போகிறவர்களுக்கு அலுமினியம் சுகம். காரில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இரும்பே போதும், விலையும் குறைவு. கடற்கரை ஊர்க்காரர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். இரும்பின் மேல்பூச்சு ஓர் இடத்தில் பெயர்ந்தாலும், உப்புக் காற்று அங்கே துரு ஏற்றிவிடும்.

அலுமினியம் என்று சொல்லி இரும்பை விற்றால்? சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் கொண்டு போங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது.

குழாய் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மூட்டுகள் பிளாஸ்டிக்கில் இருந்தால் அங்கேதான் முதலில் விரிசல் விடும். குழாயில் துளை போட்டு ஆணி அறைந்திருக்கும் இடத்தையும் கவனியுங்கள். அங்கே ஆட்டம் இருக்கக் கூடாது. மணலில் உட்காருவதற்கென்றால், பாதம் அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய கால் மணலில் புதைந்து, ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார்.

‘120 கிலோ தாங்கும்’ என்று எழுதியிருந்தால், மெதுவாக உட்காருகிறவருக்கு அந்தக் கணக்கு. தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் நாற்காலிக்கு அதைவிட அதிக பாரம். 90 கிலோ மனிதர் 100 கிலோ நாற்காலியை நம்பக் கூடாது.

பாட்டிக்கு எது?

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். பெரும்பாலும் நாற்காலியைத் தேர்ந்தெடுப்பது வீட்டில் உள்ள இளைஞர். அதில் அதிக நேரம் உட்காரப்போவது பாட்டி!

இளைஞருக்குத் தாழ்வான நாற்காலி பிடிக்கும். காலை நீட்டிச் சாயலாம். அதே நாற்காலியில் பாட்டி உட்கார்ந்தால், இடுப்பு கீழே போய்விடும். முழங்கால் மேலே வந்துவிடும். உட்காருவது சுலபம். எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. முழங்கால் வலி உள்ளவர், இரண்டு கைகளையும் நாற்காலியின் கையில் ஊன்றி எழப் பார்ப்பார். பையில் போடும் நாற்காலிகள் பலவற்றில் அந்தக் ‘கை’ வெறும் துணிப் பட்டை. ஊன்றினால் அமுங்கும். நாற்காலி பக்கவாட்டில் கவிழும். வயதானவர் அப்படி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிந்துவிடலாம். பிறகு ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை.

எனவே பெரியவர்களுக்கு, உட்காரும் இடம் தரையிலிருந்து 16 முதல் 18 அங்குல உயரம் இருக்கட்டும். சாதாரண நாற்காலியின் உயரம் அதுதான். கை மரத்திலோ உலோகத்திலோ கெட்டியாக இருக்க வேண்டும். சினிமா டைரக்டர்கள் உட்காரும் நாற்காலியைப் படங்களில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. அது சினிமாவுக்காகப் பிறந்தது அல்ல. 1892லேயே அமெரிக்காவில் கூடார முகாம்களுக்காக விற்பனைக்கு வந்தது.

முன்பக்கக் கம்பி தொடையை அழுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் தெரியாது. கடையிலேயே பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கால் மரத்துப்போனால் அந்த நாற்காலி வேண்டாம். செல்போனில் ஆர்டர் செய்கிறவர்கள், பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

குழந்தைகள் விரல் ஜாக்கிரதை!

மடக்கு நாற்காலி கத்தரிக்கோலின் தம்பி. மடங்கும் இடத்தில் சிறு விரல் சிக்கினால் நசுங்கிவிடும். விரிப்பதும் மடக்குவதும் பெரியவர்கள் வேலையாக இருக்கட்டும். விரித்த பிறகு பூட்டு விழுந்ததா என்று கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆளை உட்கார வைக்க வேண்டும்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் மூட்டுகளைக் கழுவி, மணலைப் போக்குங்கள். ஈரத்தோடு பையில் திணித்தால் துணி பூஞ்சை பிடிக்கும். நாள் முழுவதும் வெயிலில் போட்டு வைத்தாலும் நைலான், பாலியஸ்டர் துணிகள் இற்றுப்போகும். நிழலில் உலர்த்துவதே சரி.

தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலியில் ஒரு வசதி இருந்தது. துணியின் இரண்டு முனைகளையும் குழல் போலத் தைத்து, உள்ளே கட்டையைச் செருகியிருப்பார்கள். (அந்தக் கட்டையை உருவி வைத்து, உட்கார வந்தவரைக் கீழே விழ வைத்த குறும்புப் பிள்ளைகள் எத்தனை பேர்!) துணி நைந்தால் தையல்காரரிடம் கொடுத்தால் போதும், மரம் இரண்டு தலைமுறைக்கு வரும். புது மடக்கு நாற்காலி வாங்கும்போதும், துணியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். திருகாணி போட்டிருந்தால் முடியும். ஆணி அறைந்து அடைத்திருந்தால், துணி போன அன்றைக்கே நாற்காலியும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.