மூன்று கோப்புகளில் ஒன்றை மட்டும்

மூன்று கோப்புகளைத் திருத்தியிருக்கிறீர்கள். இரண்டு சரியாக ஓடுகின்றன, மூன்றாவது சொதப்பிவிட்டது. அதை மட்டும் பழையபடி ஆக்க வேண்டும். கிட்டில் இது சுலபம்தான். ஆனால் கட்டளையைத் தட்டும் முன், அந்த மாற்றம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘கிட் ஸ்டேட்டஸ்’ சொல்லிவிடும்.

ஸ்டேஜ்கூட செய்யாத மாற்றமென்றால், ‘கிட் ரெஸ்டோர்’ என்று எழுதிக் கோப்பின் பெயரைச் சேர்த்தால் போதும். முன்பு இந்த வேலையையும் ‘செக்கவுட்’தான் செய்தது, கிளை மாறவும் அதே கட்டளை. 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில்தான் ‘ஸ்விட்ச்’, ‘ரெஸ்டோர்’ என்று தனித்தனிக் கட்டளைகள் வந்தன. செக்கவுட் இன்னும் இருக்கிறது. பழகிய கை அதைத்தான் தட்டும்.

ரெஸ்டோர் கோப்பைக் கடைசி கமிட்டுக்குக் கொண்டுபோகும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது ஸ்டேஜில் உள்ள நிலைக்குத்தான் கொண்டுபோகும். பாதி வேலையை ‘ஆட்’ செய்துவிட்டு மீதியைக் கெடுத்திருந்தால், கெட்டது மட்டும் போகும், ஆட் செய்தது தப்பிக்கும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். ஸ்டேஜிலிருந்தே இறக்க வேண்டுமென்றால் ‘ஸ்டேஜ்டு’ என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். அப்போதும் கோப்பில் எழுதியது அப்படியே இருக்கும்.

ஒரே கோப்புக்குள் நல்லதும் கெட்டதும் கலந்திருந்தால் ‘பேட்ச்’ விருப்பம் இருக்கிறது. மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும். இங்கேதான் கவனம் வேண்டும். ‘ஆட்’ கட்டளையின் பேட்ச்சில் ஒய் அழுத்தினால் அந்தத் துண்டை ‘எடுத்துக்கொள்’ என்று பொருள். ரெஸ்டோரில் அதே ஒய்க்கு ‘தூக்கி எறி’ என்று பொருள். வேகமாக ஒய், ஒய் என்று தட்டிக்கொண்டே போனால் நல்ல துண்டும் போய்விடும். ஸ்டேஜ் செய்யாத மாற்றத்தை கிட் எங்கும் சேமித்து வைப்பதில்லை. அழித்தால் அதனிடமிருந்து திரும்பப் பெற வழியில்லை. சந்தேகம் இருந்தால் முதலில் ‘ஸ்டாஷ்’ செய்துவிடுங்கள்.

கமிட் செய்து, மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட மாற்றத்துக்கு ‘ரிவர்ட்’. அது பழைய கமிட்டை அழிக்காது. அதற்கு நேரெதிரான புதிய கமிட்டைப் போடும். ஆனால் முழு கமிட்டையும் புரட்டிவிடும். ஒரு கோப்பு மட்டும் போதுமென்றால் ‘நோ கமிட்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். எதிர் மாற்றங்கள் எல்லாம் ஸ்டேஜில் வந்து நிற்கும். வேண்டாத கோப்புகளை விலக்கிவிட்டு, மீதியை நீங்களே கமிட் செய்யலாம். அதற்கு முன் ‘டிஃப்’பை ஸ்டேஜ்டு விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.