பழைய சோறும் குடலின் நலமும்

காவிரிக் கடைமடையில், கோடியக்கரை, வேதாரணியம் முதலிய ஊர்களில் வயலுக்கும் உப்பளத்துக்கும் செல்வோர் காலையில் பழைய சோறும் நீராகாரமும் உண்பது நெடுநாளைய வழக்கம். இஃது ஏழைகளின் உணவென்று வசதியுள்ள வீடுகளில் கைவிடப்பட்டது. அவ்வீட்டாரே இன்று வயிற்று உபாதைக்குப் 'புரோபயாட்டிக்' பொடியை விலை கொடுத்து வாங்குகின்றனர். இவ்விரண்டிற்கும் உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் அறிதல் நலம்.

ஆறிய சோற்றை நீரில் மூழ்க வைத்தால், பாத்திரத்திலும் நீரிலும் உள்ள லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் இரவில் பெருகி அதனைப் புளிக்கச் செய்கின்றன. பால் தயிராவதும் இவ்வினத்தின் தொழிலே. அப்புளிப்பு தீய கிருமிகள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். மேலும், சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் ஜீரணமாகாத தன்மையை அடைகிறது. அது பெருங்குடலைச் சேர்ந்து, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அவை உண்டாக்கும் ப்யூட்டிரிக் அமிலம் குடற்சுவரைப் போஷிக்கிறது. மாடு வைக்கோலைத் தின்று பிழைப்பதும் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களின் உதவியாலேயே அன்றோ!

எனினும் பழைய சோற்றை மருந்தெனக் கூறிவிடலாகாது. போதிய அளவில் உட்கொண்டால் நன்மை பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக் என்று 2001-இல் உலக உணவு, சுகாதார ஸ்தாபனங்களின் நிபுணர் குழு வரையறுத்தது. பழைய சோற்றிலோ, எவ்வினம் எவ்வளவு உளதென்பது பானைக்குப் பானை மாறும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையார் குடலழற்சி நோயாளரிடம் இதன் பயனை ஆராயத் தொடங்கியது தக்க செயல். புளிப்பதால் இரும்புச்சத்து பன்மடங்கு பெருகுமென்பது மட்டும் நம்பத்தக்கதன்று. இல்லாத இரும்பை எந்தப் பாக்டீரியாவும் படைப்பதில்லை. உள்ளதை உடல் ஏற்க உதவலாம், அவ்வளவே.

நீரின் சுத்தமே இதில் தலையாயது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபின் நல்ல குடிநீருக்குப் பட்ட பாட்டை இப்பகுதியார் மறவார். கொதித்து ஆறிய நீரையே சோற்றில் ஊற்றுக. சோற்றை நெடுநேரம் வெறுமனே வைத்திருந்து பின்னர் நீர் ஊற்றுதல் தவறு. வேகவைத்தும் சாகாத சில கிருமிவித்துகள் அதற்குள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். சோறு நூலிழுத்தாலும் தீய நாற்றம் வீசினாலும் கொட்டிவிடுக. மறுபடி கொதிக்க வைத்தால் நற்கிருமிகளும் மாளும்.

பேதி கண்ட குழந்தைக்கு நீராகாரத்தை நம்பிக் காலங்கடத்தாது, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். வெள்ளம் புகுந்த கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் இடச்செய்வதைக் கிராம அதிகாரிகள் தாமதிக்கலாகாது.